பதின்மூன்றரைப் பேர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர், தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் கடன் வாங்கிக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைக் கண்டித்து, விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று எழுதியிருந்தார். டிக்கோயாவில் கிளங்கன் ஆஸ்பத்திரி இருக்கிறது, 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்து வைத்த 150 கட்டில் ஆஸ்பத்திரி, ஒரு சதம் கட்டத் தேவையில்லை, அதை விட்டுவிட்டு ஏன் காசைக் கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். 2024 தீபாவளி வரை நானும் அதையேதான் ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் 37 வருஷம் செக்ரோல், அதாவது ஆட்களின் வேலை நாள், சம்பளக் கணக்கு எழுதியவன். எங்கள் பாஷையில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான சம்பளம். யாருக்குப் பேர் விழுந்தது, யாருக்கு அரைப்பேர், கைக்காசுக்கு எடுத்த கொழுந்து எத்தனை கிலோ, சம்பளத்தில் பிடிப்பு எவ்வளவு என்று காலமெல்லாம் மற்றவர் கணக்கைப் பார்த்தே கண்ணாடி தடித்தவன். அப்படிப்பட்ட நானே ஒரு ஆஸ்பத்திரிக் கவுன்டரின் முன்னால் வாயடைத்து நின்றேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் மகன் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு முதல் நாள் பஸ்ஸில் வந்து இறங்கும்போதே கண் சிவந்து, உடம்பு அனலாக இருந்தது. பயணக் களைப்பு என்று நினைத்து மல்லித் தண்ணீர் கொடுத்தோம். மறுநாள் எண்ணெய்கூட வைக்கவில்லை, பலகாரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாள் மத்தியானம் டவுனில் இரத்தம் சோதித்தால் டெங்கு. பிளேட்லெட் 92,000. சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும், ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று சோதனைக்கூடத்துப் பையனே சொன்னான்.

மலையில் இருக்கிற எங்களுக்கு டெங்கு என்றால் கொழும்புக் காய்ச்சல். 2017இல் நாடு முழுக்க ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தபோதுகூட அதைப் பத்திரிகையில்தான் படித்தோம். வீட்டுக்குள் வந்ததும் மூளை வேலை செய்யவில்லை. கடை முதலாளி போனில், "தனியாரில் போடுங்கள், நான் அட்வான்ஸ் தருகிறேன், சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம்" என்றார். என் மனைவி அழுதாள். முதல் நாள் தீபாவளி லீவு, இன்றைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் இருப்பாரா என்று ஓட்டோக்காரப் பையன் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான். இருந்திருப்பார். விசாரிக்காமல் போனது என் பிழை, அதை யார் தலையிலும் போட மாட்டேன். 1990க்கு அழைத்திருந்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாகவே வந்திருக்கும், அதுவும் அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை. இரவு எட்டு மணிக்கு நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில் நின்றோம். 50,000 ரூபா முற்பணம். கூடவே ஆங்கிலத்தில் அச்சடித்த நாலு பக்க ஃபோம். தாதி பேனையால் ஒரு புள்ளடி போட்டுக் காட்டிய இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன். 37 வருஷம் மற்றவன் கையெழுத்தைச் சரிபார்த்தவன், ஒரு வரிகூட வாசிக்காமல் வைத்தேன்.

நாலு இரவு. நவம்பர் மூன்றாம் தேதி பிளேட்லெட் 38,000க்கு இறங்கியது. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நாங்கள் சந்தோஷப்பட்டபோது, இனிமேல்தான் கவனம் என்றார் டாக்டர். காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் டெங்கு ஆளை அடிக்குமாம். அந்த டாக்டரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தமிழ் தெரியாது, ஆனாலும் என் மனைவியின் முகத்தைப் பார்த்து விரலால் மேலே காட்டி, கீழே காட்டி, விளங்க வைத்துவிட்டுத்தான் அறையை விட்டுப் போவார். என் பிள்ளை இன்றைக்கு நடமாடுகிறான் என்றால் அவராலும் இரவுத் தாதிகளாலும்தான். அவருக்குப் போடுகிற கும்பிடு வேறு, கவுன்டரில் நீட்டுகிற பில் வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நம்முடைய வியாதி என்று நான் நினைக்கிறேன். பின்னால் வருகிறேன்.

ஐந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு டாக்டர் வந்து பார்த்தார். பிளேட்லெட் 74,000, ஏறிக்கொண்டிருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். பில் வந்தது பிற்பகல் மூன்று மணிக்கு. மொத்தம் 187,640 ரூபா.

செக்ரோல்காரன் புத்தி எங்கே போகும்? அன்றைக்கு, 2024இல், ஒரு நாள் பேருக்கு 1,350 ரூபா. 187,640 என்றால் 139 பேர். அதுவும் முழுசாகக் கைக்கு வந்தால். ஊழியர் சேமலாப நிதி, அதாவது இ.பி.எஃப். 8 வீதம் போக 1,242தான் மிஞ்சும், அந்தக் கணக்கில் 151 நாள். ஒருத்தி ஒரு நாள்கூட விடாமல், மழையிலும் அட்டைக்கடியிலும் மலைக்குப் போய், ஒரு பிடி அரிசி வாங்காமல் ஐந்தாறு மாதம் கொழுந்து பறித்தால் அந்த பில்லைக் கட்டலாம்.

கையில் தந்தது ஒரே ஒரு தாள், ஒன்பது வரி. அறை, டாக்டர், சோதனைக்கூடம், மருந்து, பாவனைப் பொருட்கள், தாதியர் சேவை, இப்படி. கடைசியில் 10 வீதம் சர்விஸ் சார்ஜ். காசாளர் ஒரு சிங்களப் பிள்ளை, என் மகன் வயதிருக்கும். "நங்கி, இதை ஐட்டம் ஐட்டமாகப் பிரித்துத் தாருங்கள்" என்றேன். அப்படித் தருவதில்லை மாத்தயா என்றாள். ஏன் தருவதில்லை? கணினியில் இருக்கிறதுதானே, ஒன்பது வரியின் மொத்தம் ஆகாயத்திலிருந்தா விழுந்தது? எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எங்கள் பக்கத்து ஆள் ஒருவரே, "அண்ணே, உயிர் பிழைச்சிருச்சில்ல, கட்டிட்டுப் போங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நம் எல்லோருடைய வாயிலும் வருவதைத்தான் அவரும் சொன்னார்.

பில் கட்டினால்தான் கையில் ஏற்றிய ஊசியைக் கழற்றுவோம், டிஸ்சார்ஜ் அட்டை தருவோம் என்று மேலேயிருந்து செய்தி வந்தது. இதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடன் பாக்கி என்பது சிவில் விவகாரம், அதற்கு வழக்குப் போடலாம், நோட்டீஸ் அனுப்பலாம். ஆனால் காசு கட்டவில்லை என்பதற்காக ஒரு மனிதனைப் போக விடாமல் பிடித்து வைக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் அதிகாரம் கிடையாது. ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைப்பது நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். அன்றைக்கு இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் குரலை உயர்த்தியிருப்பேன். தெரியாததால் பவ்யமாக நின்றேன். அது ஒருவகையில் நல்லதாகவும் போயிற்று. மனேஜர் இறங்கி வந்து, இந்தக் கிழவன் இன்றைக்குப் போக மாட்டான் என்று பார்த்து, "பிரின்ட் எடுத்துக் கொடு" என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பது நிமிஷத்தில் ஆறு பக்கம் வந்தது. அப்படித் தருவதில்லை என்றார்களே, அதே கணினிதான் தந்தது.

என் கையில் ஆயுதம் என்று இருந்தது ஒன்றுதான். மகளுடைய சீ.ஆர். கொப்பி, பள்ளிக்கூடத்துத் தடித்த நோட்டுப் புத்தகம். ஓ.எல். பரீட்சை எழுதப் போகிற பிள்ளை. அண்ணனுக்குப் பிளேட்லெட் எத்தனை என்று நேரத்தோடு எழுத ஆரம்பித்தவள், பொழுது போகாமல் எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். சேலைன் மாற்றிய நேரம், பெரிய டாக்டர் வந்த நேரம், எந்தத் தாதி கோபக்காரி என்பது வரைக்கும். அந்தக் கொப்பியையும் ஆறு பக்கத்தையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, பென்சிலை எடுத்தேன். சம்பளத்துக்கு முந்திய இரவுகளில் செக்ரோலையும் நிறுவைப் புத்தகத்தையும் அப்படித்தான் விரித்து வைப்போம்.

சேலைன் பில்லில் 16 போத்தல். கொப்பியில் 9. ஒரு போத்தல் 320 ரூபா. கொப்பியை நம்ப வேண்டாம், நோயாளிக்கு என்ன செய்தார்கள் என்று எழுதி வைக்கிற பெட்ஹெட் டிக்கட்டைப் பாருங்கள் என்றேன். டெங்குக்கு உள்ளே போகிற நீரையும் வெளியே வருகிற நீரையும் மில்லிலீட்டர் கணக்கில் எழுதுவார்கள், அதில் ஏமாற்ற முடியாது. டிக்கட்டிலும் 9தான். அடுத்தது, மூச்சிழுப்புக்கு மருந்தைப் புகையாகக் கொடுக்கிற நெபுலைசர் மூன்று தடவை, 2,550 ரூபா. என் மகனுக்கு இழுப்பும் இல்லை, இருமலும் இல்லை. அது இரட்டைக் கட்டில் அறை, பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவருக்குத்தான் இரவிரவாக அந்த மருந்துப் புகையைக் கொடுத்தார்கள். இரத்தப் பரிசோதனை 14 என்று போட்டிருந்தது, எங்கள் கையில் தந்த அறிக்கைகள் 11. மிச்சம் மூன்றையும் காட்டுங்கள் என்றேன், காட்ட முடியவில்லை. அதற்கு 1,200 ரூபா. இந்த மூன்றையும் மனேஜர் அங்கேயே அடித்துத் திருத்தினார். 5,990 ரூபா, அதன் மேல் ஏறிய சர்விஸ் சார்ஜ் 599, ஆக 6,589.

இதைத் திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன். செக்ரோலிலும் ஒருத்தியுடைய பேர் இன்னொருத்திக்கு விழும், ராமாயி என்று இரண்டு பேர் இருந்தால் போதும். கட்டில் இலக்கத்தை மாற்றி அடித்திருப்பார்கள். ஆனால் ஒன்று, 37 வருஷத்தில் தோட்டத்துக்கு நட்டமாகத் தவறி விழுந்த பேர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். தவறு எப்போதும் ஆளுக்கு நட்டமாகத்தான் விழும். ஏனென்றால் தோட்டத்துக்கு நட்டமான தவறைக் கண்டுபிடிக்க ஒரு ஆபீசே இருக்கிறது. ஆளுக்கு நட்டமானதைக் கண்டுபிடிக்க அந்த ஆள் மட்டும்தான்.

மருந்து விலையில் குறை காணவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அட்டையில் அச்சாகியிருந்த விலைதான் பில்லிலும். மருந்துக்கு உச்ச விலை என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, 2016 அக்டோபரில் முதன்முதலாக 48 மருந்துகளுக்கு விலை கட்டியது. டெங்குப் பரிசோதனைக்கும் 2017இல் அரசாங்கம் உச்ச விலை வைத்தது, பிறகு அது திருத்தப்பட்டது. ஆகவே விலையில் சந்தேகம் வந்தால் கேட்க ஒரு அளவுகோல் உண்டு. எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால்தான் உங்கள் கொப்பியைத் தவிர வேறு அளவுகோல் இல்லை.

இரண்டு விஷயத்தில் அன்றைக்கு இழுபறி. பெரிய டாக்டரின் வருகை எட்டு என்று பில், ஒரு வருகைக்கு 3,500. அவர் வந்தது ஐந்து தடவை. மற்ற மூன்று தடவையும் வந்தது சின்ன டாக்டர். அதுவும் வருகைதானே என்றார் மனேஜர். அப்படியானால் இவர் பெயரில் ஏன் எழுதினீர்கள் என்றேன். இரண்டாவது, அறை வாடகை. நாலு இரவு தங்கினோம், ஐந்து நாள் போட்டிருந்தது, நாளுக்கு 9,500. பகல் 12 மணி தாண்டினால் அடுத்த நாள் கணக்காம். காலை எட்டரைக்கு விட்டுவிட்டார்கள், பில்லை மூன்று மணி வரைக்கும் அடிக்காமல் வைத்திருந்தது நீங்கள்தானே என்றால், நீங்கள் கையெழுத்து வைத்த ஃபோமில் இருக்கிறது என்று அந்த நாலு பக்கத்தைக் கொண்டு வந்து காட்டினார். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. என் கையெழுத்தும் அழகாக இருந்தது.

181,051 ரூபா கட்டினோம். முதலாளியின் அட்வான்ஸ், மனைவியின் கழுத்திலிருந்தது அடகுக்கு, சீட்டுக் காசு, எல்லாம் சேர்த்து. கட்டும்போது பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில், இந்த இரண்டு தொகையையும் ஒப்புக்கொள்ளாமலே கட்டுகிறேன் என்று எழுதி, திகதி போட்டு, மனேஜரின் ஒப்பமும் வாங்கினேன். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சம்பளப் பிணக்கு வந்தால் தொழிற்சங்கத் தலைவர் அப்படித்தான் எழுதச் சொல்வார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூங்கினேன். மூன்றாம் நாள் உட்கார்ந்து தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். மகள் அதைச் சிங்களத்தில் போட்டுத் தந்தாள். ஒரே பக்கம்தான். இன்ன நாளில் சேர்த்தோம், இன்ன பில் இலக்கம், இன்ன வரி தவறு, ஆதாரம் இது, இவ்வளவு திருப்பித் தாருங்கள், 14 நாளில் எழுத்தில் பதில் தாருங்கள். ஆத்திரத்துக்கு அதில் ஒரு வரிகூட இடம் கொடுக்கவில்லை. முதல் எழுதியதில் ஒரு பக்கம் ஆத்திரம்தான் இருந்தது, அதைக் கிழித்துப் போட்டேன். பதிவுத் தபாலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கீழே பிரதிகள் என்று எழுதி, கொழும்பிலுள்ள தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கு ஒன்றும், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு ஒன்றும் போட்டேன்.

முதல் சொன்ன சபையைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, ஆஸ்பத்திரியோ சோதனைக்கூடமோ சின்ன டிஸ்பென்சரியோ, தனியாரில் வைத்தியம் செய்கிற எந்த இடமும் அங்கே பதிய வேண்டும், அந்தப் பதிவை வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேண்டும். அதனால் அந்தச் சபையின் பெயர் ஒரு கடிதத்தின் அடியில் இருந்தால், அந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரிக்காரர்கள் குப்பையில் போட யோசிப்பார்கள். நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். ஆனால் பேச்சோடு நிற்காமல் எழுத்தில் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் ஒரு கெடு இருக்கிறது, பொருளோ சேவையோ வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். பொங்கல் கழியட்டும், சிவராத்திரி கழியட்டும் என்று தள்ளிப்போட்டால் போச்சு. டாக்டர் ஒருவரின் நடத்தையைப் பற்றியே முறைப்பாடு என்றால் அது வேறு வழி, இலங்கை மருத்துவச் சபைக்குப் போக வேண்டும். எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை.

ஏழு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வாருங்கள் பேசலாம் என்றார்கள். போனேன், மகளும் கொப்பியும் கூடவே. டாக்டர் வருகை மூன்றுக்கு 10,500, சர்விஸ் சார்ஜ் 1,050, ஆக 11,550 ரூபாவுக்குக் காசோலை தந்தார்கள். தேநீரும் தந்தார்கள், தூள் நம்ம பக்கத்துத் தூள் இல்லை. அறை வாடகைக்கு முடியாது என்றுவிட்டார்கள்.

முந்தியதோடு சேர்த்து 18,139 ரூபா. அன்றைய 1,350ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய பதின்மூன்றரைப் பேர். பதின்மூன்று நாள் முழுப்பேர், ஒரு நாள் அரைப்பேர். அந்த வாசகர் சொன்னபடி விரலுக்குத் தகுந்த வீக்கம் இல்லாமல் நாங்கள் போனோம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்காகப் பதின்மூன்றரைப் பேரை விட்டுவிட வேண்டுமா? போகக்கூடாத இடத்துக்குப் போனவனுக்குக் கணக்குக் கேட்கிற உரிமை போய்விடுமா? அவருடைய கடிதத்தில் எனக்குப் பிடிக்காதது அந்த இடம்தான்.

இப்போது அந்த வியாதி விஷயத்துக்கு வருகிறேன். நம் முன்னோர்களுக்கு வைத்தியம் என்பது தொரை, அதாவது தோட்டத்து வெள்ளைக்கார மனேஜர் கொடுத்தது. 1912இல் வெள்ளைக்காரன் தோட்டத்து வைத்தியத் தேவைகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டு, தோட்ட நிர்வாகத்தின் தலையில் அந்தக் கடமையைக் கட்டினான். கடமையாக வந்தது நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து சேரும்போது தயவாக மாறிவிட்டது. டிஸ்பென்சரியில் வரிசையாக நின்று, போத்தலை நீட்டி, கலர் மருந்தை வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வருவோம். என்ன மருந்து என்று என் தாய் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அது நன்றி கெட்டதனம். அதே முதுகு வளைவோடுதான் இன்றைக்கு லட்சக்கணக்கில் காசு கட்டுகிற இடத்திலும் நிற்கிறோம். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று கிலோ வெட்டினால் நம் பெண்கள் இப்போது சத்தம் போடுகிறார்கள், எனக்கே எத்தனை தடவை ஏச்சு விழுந்திருக்கிறது! அந்தச் சத்தத்தில் கால்வாசி ஆஸ்பத்திரிக் கவுன்டரில் வருவதில்லை.

பாஷையும் ஒரு காரணம். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது, ஆகவே அரசாங்க ஆஸ்பத்திரியில் தமிழில் சொல்லுங்கள் என்று கேட்க நமக்குச் சட்டப்படி இடமிருக்கிறது. அங்கே நடப்பது எவ்வளவு என்பது வேறு கதை. தனியாரிடம் அந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது. ஆனால் நம் காசு மட்டும் அவர்களுக்கு விளங்குகிற பாஷையாக இருக்கிறதே. கையெழுத்து வாங்குகிற தாளையாவது மூன்று பாஷையில் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? அறைக்கு என்ன, டாக்டருக்கு என்ன, 12 மணிக் கணக்கு என்ன என்று வாசலில் ஒரு பலகை வைத்தால், என்னைப் போன்ற அவசரக்காரன்கூட வாசித்திருப்பான்.

அரசாங்க ஆஸ்பத்திரி விஷயத்தில் இன்னொன்று. அங்கே பில் இல்லை, ஆனாலும் 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்த நாளிலிருந்து வெளியில் வாங்கி வரச் சொல்லித் துண்டு எழுதுகிற வழக்கம் பெருகிவிட்டது. அந்த மருந்து உண்மையில் கையிருப்பில் இல்லையா என்று அறிய யாருக்கும் உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுத்தால், தகவலைத் தருகிறார்களா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். இது பொது அதிகாரசபைகளுக்கான சட்டம், தனியார் ஆஸ்பத்திரியிடம் செல்லாது.

காசுக்கு வழி கேட்டு என்னிடம் வருகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். பெரிய சத்திரசிகிச்சை என்றால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம், 2025 பெப்ரவரியிலிருந்து கொழும்புக்கு அலையாமல் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். கண்ணில் வைக்கிற லென்ஸ், இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று ஆகியவற்றுக்கு ஊழியர் நம்பிக்கை நிதியத்தின், அதாவது ஈ.டி.எஃப். உதவி உண்டு. நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது, ஈ.டி.எஃப். என்பது வேலையை விட்ட பிறகு வருகிற காசு என்று மட்டும் நினைத்திருக்கிறார்கள். முதலில் தங்க நகையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், தோட்டத்து ஆபீசில் போய்க் கேளுங்கள். கிளார்க் முகத்தைச் சுளிப்பார். நானும் சுளித்திருக்கிறேன். பரவாயில்லை, கேளுங்கள்.

அறை வாடகை 9,500, சர்விஸ் சார்ஜோடு 10,450 ரூபா இன்னும் பாக்கி. நான் கையெழுத்து வைத்தது உண்மை. ஆனால் 12 மணியைத் தாண்ட வைத்தது நானில்லை. அதனால் மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த அளவுத் தொகைக்கு நீதிமன்றம் போவதென்றாலும் முதலில் அங்கேதான் போக வேண்டும். வக்கீல் வேண்டாம், இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். தோற்றாலும் பஸ் காசு மட்டும்தான் நட்டம். இந்த வயதில் இது உங்களுக்குத் தேவையா என்று மனைவி கேட்கிறாள். அவளுடைய சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது, அதனால் அதிகம் வாதாடாமல் இருக்கிறேன்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரிகையில் ராசிபலனுக்கு அரைப்பக்கம் ஒதுக்குகிறீர்கள். ஒரு வாரம் மட்டும் அதில் பாதியை எடுத்து, ஆஸ்பத்திரிப் பில்லில் வருகிற ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் தமிழில் அர்த்தம் போடுங்கள். பாவனைப் பொருட்கள் என்ற ஒரு வரிக்குள் 38 சோடி கையுறை இருந்ததை நான் ஆறு பக்கத்தைப் பார்த்த பிறகுதான் அறிந்தேன், அதை இன்றுவரை யாராலும் எனக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. நானும் விட்டுவிட்டேன், கொப்பியில் கையுறை எழுதப்படவில்லை.

கடிதத்தின் மாதிரி, தமிழிலும் சிங்களத்திலும் என்னிடம் இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு வீட்டார் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். மற்றவர்களுக்கும் பயன்படும் என்றால் அதையும் பிரசுரிக்க அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செக்ரோல் கிளார்க் ஒருவன்,
பொகவந்தலாவை